உப்பைக் கரைப்பதும் புளியைக் கரைப்பதும் ஒன்றா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. தேர்வில் “பால் எவ்வகைக் கலவை?” என்று வந்ததற்கு அவள் “ஒருபடித்தான கலவை” என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். “டம்ளரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பால் ஒரே வெள்ளையாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் தவறு? கரைசல், கூழ்மம், தொங்கல் என்று மூன்று பெயர் சொல்கிறார்களே, என்னதான் வித்தியாசம்? ரத்தம் இதில் எதில் சேரும்?” என்று கேட்கிறார்.

ஆசிரியர் அடித்தது சரிதான். ஆனால் மகளைத் திட்ட வேண்டாம். அவள் கண்ணை நம்பி எழுதியிருக்கிறாள். பால் விஷயத்தில் கண் எல்லோரையும் ஏமாற்றும். பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலைப் பார்க்கும் நுண்ணோக்கி இருக்குமே, அதன் கீழே தண்ணீர் கலந்த பால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை மறைந்துவிடும். தெளிந்த நீரில் சின்னச் சின்ன உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும், சிறியவை ஓயாமல் நடுங்கிக்கொண்டும் இருக்கும். அவை கொழுப்பு. உருண்டை இருக்கும் இடம் வேறு, இல்லாத இடம் வேறு என்று ஆன பிறகு அதை ஒருபடித்தானது, அதாவது எங்கும் ஒரே சீரானது, என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம் என்று எனக்கு நெடுநாளாகவே ஓர் எண்ணம். உப்பைக் கரைக்கிறோம், சர்க்கரையைக் கரைக்கிறோம், சரி. தோசை மாவையும் கரைக்கிறோம். வாசல் தெளிக்கச் சாணத்தைக் கரைக்கிறோம். குழம்புக்குப் புளியைக் கரைக்கிறோம். சதுர்த்தி முடிந்தால் பிள்ளையாரையே கரைக்கிறோம். வெளியே வைத்த ஐஸ்கட்டி “கரைந்து போச்சு” என்கிறோம், அங்கே நடந்தது உருகல் மட்டும்தான். சமையலறைக்கு இந்த ஒரு சொல் போதும். வேதியியலுக்குப் போதாது. மேலே சொன்னவற்றில் உப்பும் சர்க்கரையும் மட்டுமே அது ஒத்துக்கொள்ளும் கரைசல். மற்றவை கரைந்த மாதிரி இருப்பவை.

எதை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள்? துகளின் அளவை வைத்து. கலந்த பொருள் எவ்வளவு சிறிதாகப் பிரிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. மற்ற எல்லா வித்தியாசமும், தெளிவாகத் தெரிவது, அடியில் தங்குவது, வடிகட்டியில் நிற்பது, எல்லாம் இதிலிருந்து வருபவை. அட்டவணையில் எட்டு வித்தியாசங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இதை முதலில் சொல்லிவிட்டால், மீதியை அவளே எழுதிவிடுவாள்.

இங்கே அளக்கும் கோல் நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வகுத்தால் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர். சர்க்கரை மூலக்கூறு ஏறத்தாழ 1 நானோமீட்டர், உப்பிலிருந்து பிரியும் சோடியம் அயனி அதைவிடச் சிறிது. துகள்கள் 1 நானோமீட்டர் அளவுக்குள் அடங்கினால் உண்மைக் கரைசல். அதற்கு மேல், சில நூறு நானோமீட்டர் வரை, கூழ்மம். அதையும் தாண்டினால் தொங்கல். கூழ்மத்தின் மேல் எல்லையை ஒரு புத்தகம் 100 என்கும், இன்னொன்று 1000 என்கும், பழைய புத்தகங்கள் 2000 ஆங்ஸ்ட்ராம், அதாவது 200 நானோமீட்டர் என்கும். பயப்பட வேண்டாம். இயற்கை அங்கே கோடு கிழித்து வைக்கவில்லை, கிழித்தவர்கள் நாம்தான். தேர்வில் மகள் தன் பாடநூலில் இருக்கும் எண்ணை எழுதட்டும்.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் ஒருபடித்தானதை ஏகவினம் என்பார்கள், பலபடித்தானதை, அதாவது இடத்துக்கு இடம் வேறுபடுவதை, பல்லினம் என்பார்கள், கரைபொருளைக் கரையம் என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு நன்றாகக் கலக்குங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் இருக்கும் மண் காரியத்தைக் கெடுத்துவிடும். இரண்டாவதில் இரண்டே சொட்டு பால். மூன்றாவதில் ஒரு சிட்டிகை அரிசி மாவு. இப்போது செல்போன் விளக்கை ஓட்டை போட்ட அட்டையால் மூடி, மெல்லிய கீற்றாக டம்ளரின் ஒரு பக்கத்திலிருந்து அடித்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். சர்க்கரைத் தண்ணீருக்குள் ஒளி போனதே தெரியாது. பால் கலந்த தண்ணீரில் ஒளி போகும் பாதை ஒரு கோல் மாதிரி துலங்கும். லேசான நீலச் சாயலும் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் நின்று நேராக விளக்கைப் பார்த்தால் அதே ஒளி மஞ்சளாகத் தெரியும். மாவு கலந்தது கலங்கலாக இருக்கும், அரை மணி கழித்து வந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

நடு டம்ளரில் பார்த்ததுதான் டிண்டால் விளைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கூழ்மத் துகள்கள் அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட நெருங்கி வருவதால் ஒளியை நன்றாகச் சிதறடிக்கின்றன, நீலத்தைக் கூடுதலாக. சர்க்கரை மூலக்கூறு மிகச் சிறியது, அது சிதறடிப்பது நம் கண்ணுக்கு எட்டாது. எட்டாது என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. 1921-ல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்த சி. வி. ராமன் அந்த நீலத்தைப் பார்த்து யோசித்து, தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். எனவே “உண்மைக் கரைசல் ஒளியைச் சிதறடிக்காது” என்ற பாடநூல் வரியை, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிதறடிக்காது என்று படித்துக்கொள்ள வேண்டும்.

உண்மைக் கரைசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நாள் வைத்தாலும் அடியில் தங்காது, எந்த வடிதாளிலும் நிற்காது, மேலே எடுத்தாலும் கீழே எடுத்தாலும் ஒரே சுவை. இரண்டு தவறுகளை மட்டும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, நிறம் இருந்தால் உண்மைக் கரைசல் இல்லை என்று நினைப்பது. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் பளிச்சென்ற நீலம், ஆனாலும் உண்மைக் கரைசல்தான்; அதன் வழியாக அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். நிறம் வேறு, கலங்கல் வேறு. இன்னொன்று, கரைசல் என்றால் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பது. தூசு இல்லாத காற்று, 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் மீதி ஆர்கான் முதலானவையும் சேர்ந்த ஒருபடித்தான கலவை. நகைக்கடையில் 916 என்று முத்திரை குத்தித் தரும் தங்கம், ஆயிரத்தில் 916 பங்கு பொன்னும் மீதி செம்போ வெள்ளியோ கலந்த திண்மக் கரைசல்.

கரைசலுக்குள் எத்தனை பொருள்கள் ஒளிந்திருக்க முடியும் என்று பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போக வேண்டும். கடல்நீர் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். பார்வைக்கு வெறும் தண்ணீர். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைத்து, நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைமானியை மிதக்கவிட்டு “டிகிரி” பார்ப்பார்கள். போமே என்ற அளவையில் வரும் எண் அது. கடலிலிருந்து வரும்போது மூன்று சொச்சம் டிகிரி. முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பதின்மூன்று டிகிரியைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும், இருபத்தைந்தை ஒட்டித்தான் சமையல் உப்பு பூக்கும். 29, 30 டிகிரி வந்துவிட்டால் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மக்னீசிய உப்புகளும் கூடச் சேர்ந்து உப்பு கசக்கும். மழைக்காலத்தில் ஜாடியில் கல் உப்பு நீர் கோத்துக்கொள்கிறதே, அதில் ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு பண்ணும் வேலை அது. ஒரே கடல்நீர், ஒரே வெயில்; ஒவ்வொன்றின் கரைதிறனும் வேறு என்பதால் வரிசையாக வெளியே வருகின்றன.

தொங்கலுக்கு வருவோம். துகள் பெரிது, அதனால் எடை இழுக்கிறது, அடியில் தங்குகிறது. இதில் நடைமுறையில் முக்கியமானது ஒன்று உண்டு. குழந்தைகளுக்குத் தரும் பல மருந்துகள் தொங்கல்கள். “குலுக்கிய பின் உபயோகிக்கவும்” என்று புட்டியில் போட்டிருப்பதைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. குலுக்காமல் மேலே இருப்பதை ஊற்றினால் முதல் நாள் மருந்து குறைவாகவும், கடைசி நாள் அடியில் தங்கியது மொத்தமும் ஒரே மூடியில் வந்து அதிகமாகவும் போகும். ஒருபடித்தானது, பலபடித்தானது என்ற பாகுபாடு மதிப்பெண்ணோடு முடிந்துபோகாத இடம் இது.

தங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால், விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தது ஒரு மைக்ரோமீட்டர். பத்து சென்டிமீட்டர் தண்ணீரில் 10 மைக்ரோமீட்டர் மணல் துகள் அடிக்கு வர ஏறத்தாழ 19 நிமிடம். 1 மைக்ரோமீட்டர் என்றால் சுமார் 31 மணி நேரம். அதிலும் பத்தில் ஒரு பங்கு, 100 நானோமீட்டர், நான்கு மாதத்துக்கு மேல். அதுவும் தண்ணீர் துளியும் அசையாமல் இருந்தால். நிஜத்தில் அந்தத் துகள் இறங்கவே இறங்காது, ஏனென்றால் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். 1827-ல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதைக் கவனித்தார். முதலில் உயிருள்ளதோ என்று சந்தேகப்பட்டு, பிறகு கல்லைப் பொடித்துப் போட்டுப் பார்த்தார், அதுவும் துள்ளியது. 1905-ல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்கு எழுதினார். பால் சொட்டில் உருண்டைகள் நடுங்குவதாகச் சொன்னேனே, அது இதுதான். தொங்கலும் கூழ்மமும் பிரியும் இடம் இங்கேதான் இருக்கிறது: பூமி இழுப்பது ஜெயித்தால் தொங்கல், மூலக்கூறுகளின் இடி ஜெயித்தால் கூழ்மம்.

ஒரே வாளியில் தொங்கலையும் கரைசலையும் பார்க்க வேண்டுமானால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டுக்குப் போங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி இருப்பது தொங்கல். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் மேலே தெளிந்து நிற்கும் நீர் உண்மைக் கரைசல். லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம் சுண்ணாம்பு அதில் கரைந்தே இருக்கிறது. அந்தத் தெளிநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து உறிஞ்சுகுழலால் மூச்சை ஊதினால் மறுபடி வெண்மையாகும். நம் மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாகிவிட்டது. கண் முன்னால் கரைசல் தொங்கலாகிறது. ஊதும்போது உறிஞ்சிவிடாமல் இருக்க மட்டும் சொல்லுங்கள், வாய் புண்ணாகும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது கூழ்மம். கூழ் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். 1861-ல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், உப்பு, சர்க்கரை போன்றவை தோல்தாள் வழியாகக் கசிந்து வெளியே போவதையும், பசை, ஜெலட்டின் போன்றவை போக முடியாமல் நிற்பதையும் பார்த்தார். நிற்பவற்றுக்குக் கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லை வைத்துப் பெயரிட்டார். இப்படிப் பிரிக்கும் முறைக்கு டயாலிசிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸில் நடப்பது இந்தப் பிரிப்புதான்: சவ்வு வழியாக யூரியாவும் உப்பும் வெளியேறும், ரத்தத்தின் புரதம் உள்ளேயே நிற்கும். கரைசலில் இருப்பது போகிறது, கூழ்மமாக இருப்பது தங்குகிறது. சாதாரண வடிதாளில் இரண்டுமே ஒழுகிவிடும். வடிதாளின் துளைகள் மைக்ரோமீட்டர் கணக்கில் பெரியவை.

கூழ்மம் நிலைத்து நிற்க இடி மட்டும் போதாது. துள்ளும் துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டால் பெரிதாகி விழுந்துவிடுமே? பெரும்பாலான கூழ்மங்களில் அப்படி ஒட்டவிடாமல் தடுப்பது மின்சுமை. களிமண் துகள்கள் எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஆற்றில் புது வெள்ளம் வந்தால் குடத்தில் பிடித்து எத்தனை மணி நேரம் வைத்தாலும் செம்மண் நிறம் மாறாமல் இருப்பது இதனால்தான். அதில் படிகாரக் கல்லை நாலு சுற்றுச் சுற்றினால், மூன்று நேர்மின்சுமை கொண்ட அலுமினியம் அயனிகள் அந்தச் சுமையைச் சமன் செய்துவிடும். சற்று நேரத்தில் மண் திரிதிரியாகச் சேர்ந்து இறங்குவது தெரியும். நம் ஊர்களில் படிகாரத்துக்கு முன்பிருந்தே மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். அந்த விதையின் புரதமும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் மண் துகள்களைப் பிணைத்து இழுத்துக்கொண்டு கீழே போகின்றன. இதே காரியத்தை உப்பும் செய்யும். ஆறு சுமந்து வரும் களிமண், கடல்நீரின் உப்பைத் தொட்டதும் திரண்டு படிகிறது. கழிமுகங்களில் வண்டல் சேர்வதற்கு, வேகம் குறைவதோடு, இதுவும் ஒரு காரணம்.

இனி மகளின் பாலுக்கு வரலாம். பாலை ஒரே பெயருக்குள் அடைக்க முடியாது என்பதுதான் உண்மை. அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கின்றன, அது உண்மைக் கரைசல். கேசின் என்ற புரதம் நூறு, இருநூறு நானோமீட்டர் அளவில் உருண்டை கட்டி மிதக்கிறது, அது கூழ்மம். கொழுப்பு அதைவிடப் பெரிய சொட்டுகளாக இருக்கிறது. ஒரு நீர்மத்தில் இன்னொரு நீர்மம் சொட்டுச் சொட்டாகப் பரவியிருப்பதால் அந்தப் பகுதிக்குப் பால்மம் என்று பெயர். பசும்பாலில் கொழுப்பு உருண்டைகள் சராசரி மூன்று நான்கு மைக்ரோமீட்டர் இருக்கும். அளவுக் கோலை வைத்துப் பார்த்தால் கூழ்ம எல்லையையே தாண்டியவை, அதனால்தான் கறந்த பாலை அப்படியே வைத்தால் மேலே ஏடு மிதந்து வருகிறது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு என்பதால் கீழே போகாமல் மேலே வருகிறது, அவ்வளவுதான். பள்ளிப் புத்தகம் இதையெல்லாம் விட்டுவிட்டு “பால் ஒரு கூழ்மம், எனவே பலபடித்தானது” என்று முடித்துக்கொள்ளும். அந்த வகுப்புக்கு அது போதும்.

பாக்கெட் பாலில் இன்னொரு வம்பு. சில உறைகளில் “ஹோமோஜினைஸ்டு” என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு “ஒருபடித்தானது என்று கம்பெனிக்காரனே எழுதியிருக்கிறானே” என்று என்னிடம் வாதாடிய மாணவர்கள் உண்டு. நல்ல வாதம்தான்! ஆனால் அங்கே செய்வது, பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியே செலுத்திக் கொழுப்பு உருண்டைகளை ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே உடைப்பது. சின்னதாகிவிட்டால் ஏடு கட்டாது. வேதியியல் கணக்கில் அது இன்னும் பலபடித்தானதுதான்.

பால் தயிராவதையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். புதுப் பாலின் அமிலக் குறியீடு, அதாவது பி.எச்., 6.6-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் கேசின் உருண்டைகள் எதிர்மின்சுமையோடு விலகி நிற்கின்றன. உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரக்க, எண் இறங்கி 4.6-க்கு வரும்போது சுமை தீர்ந்துவிடும். தள்ளுவதற்கு ஆள் இல்லை, ஒன்றோடொன்று கைகோத்து வலையாகி, நீரையும் உள்ளே பிடித்துக்கொள்கின்றன. அதுதான் தயிர். எலுமிச்சையைப் பிழிந்தால் அதே காரியம் அவசரமாக நடந்து திரிகிறது. பன்னீர் கட்டும்போது வடியும் பச்சை கலந்த மஞ்சள் நீரை எடுத்துச் செல்போன் விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள். ஒளிப்பாதை தெரியும், கேசின் போனாலும் கரையும் புரதங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அப்புறம் மோர் கடைவது: எண்ணெய்ச் சொட்டுகள் நீரில் மிதந்த நிலையைக் குலைத்து, கொழுப்புக்குள் நீர்ச்சொட்டுகள் அடைபட்ட நிலைக்குக் கொண்டுவருகிறோம். வெண்ணெயும் பால்மம்தான், உள்ளே வெளியே மாறிப்போன பால்மம்.

கூழ்ம வகைகளின் பட்டியலைப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்: புகை, மூடுபனி, நுரை, ஜெல்லி என்று போகும். வாயுவில் வாயு மட்டும் கூழ்மமாகாது என்பதை மறக்க வேண்டாம், தேர்வில் அடிக்கடி கேட்பார்கள். வாயுக்கள் மூலக்கூறு அளவில் முழுதாகக் கலந்துவிடும், துகளாகத் திரண்டு நிற்க அங்கே எதுவும் இல்லை. கூழ்மம் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால், 1857-ல் மைக்கேல் பாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தங்கத்தை நுண்துகளாக்கித் தயாரித்த சிவப்பு நீர்மங்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம். அப்படியிருந்தும் அவை தெளிந்துவிடவில்லை.

ஒரு வகை இன்னொன்றாக மாறுவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கலந்தால் தொங்கல், அடியில் தங்கும். அதையே அடுப்பில் வைத்துக் கிண்டினால் மாவுமணிகள் வீங்கி உடைந்து, உள்ளிருந்த மூலக்கூறுச் சங்கிலிகள் வெளியே பரவிக் கஞ்சியாகும். இனி அது கூழ்மம், ஆறினாலும் மாவாகத் தங்காது. டெட்டால் புட்டிக்குள் தெளிந்த கரைசல். வாளித் தண்ணீரில் ஒரு மூடி விட்டதும் பால் போல வெளுக்கிறது. அந்தக் கரைப்பானில் கரைந்து நின்ற எண்ணெய்ப் பொருள்கள் தண்ணீரில் கரைய மாட்டாமல் நுண்சொட்டுகளாகிவிட்டன. கரைசலை வெறும் தண்ணீரில் கலந்தே பால்மம் ஆக்கிவிட்டோம்.

உலோகத்திலும் கண் ஏமாறும். பித்தளை பார்க்க ஒரே மாதிரி, சோழர் காலத்துச் செப்புத் திருமேனியும் ஒரே மாதிரி. செம்பில் துத்தநாகம் கரையும், சாதாரணப் பித்தளை திண்மக் கரைசல். ஆனால் அந்தத் திருமேனிகளில் செம்போடு வெள்ளீயமும் ஈயமும் சேர்ப்பார்கள். ஈயம் செம்பில் கரையவே கரையாது. உருக்கி ஊற்றி ஆறியபின், வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஈயம் தனித்தனிப் பொட்டுகளாக நிற்கும். பாலில் கொழுப்பு நிற்கிற மாதிரி.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்த தேர்வில் அதுதான் வரும். இரும்புத்தூள் 7 கிராம், கந்தகம் 4 கிராம் கலந்து வைத்தால் காந்தத்தால் இரும்பைப் பிரித்துவிடலாம். சூடாக்கிய பின் கிடைக்கும் கறுப்புக் கட்டியில் காந்தம் இரும்பைத் தேடி எடுக்க முடியாது, அது இரும்பு சல்பைடு என்ற சேர்மம். சேர்மத்தில் விகிதம் மாறாது, கலவையில் நம் இஷ்டம். இது இவ்வளவு எளிதாக இருந்துவிடவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர்களான புரூஸ்தும் பெர்தொலேயும் 1800-ஐ ஒட்டிய வருடங்களில் இதற்காகவே நீண்ட விவாதம் நடத்தினார்கள். பெர்தொலே சேர்மத்தின் விகிதமும் மாறும் என்றார். அவர் காட்டிய சான்றுகளில் பல, கரைசல்களும் உலோகக் கலவைகளும்தான். இன்றைக்கும் சாராயம் ஒருவரைக் குழப்பக்கூடும்: எத்தனாலை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 விழுக்காட்டில் நின்றுவிடும், சேர்மம் மாதிரி மாறாத கொதிநிலையும் காட்டும். அழுத்தத்தை மாற்றிக் காய்ச்சினால் விகிதம் மாறிவிடுகிறது. அங்கே அதன் வேஷம் கலைகிறது.

தலைப்பில் கேட்ட புளி பாக்கி இருக்கிறது. புளியைக் கரைத்த தண்ணீரில் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம் உண்மைக் கரைசல். கொழகொழப்பைத் தரும் பெக்டின் கூழ்மம். கையில் பிசைபட்டு வந்த சதைத் துணுக்குகள் தொங்கல். கொஞ்ச நேரம் வைத்தால் மண்டி அடியில் தங்கும், மேலாக இறுத்துக்கொள்வோம், புளிப்பு மட்டும் எந்தக் கரண்டியிலும் ஒரே மாதிரி இருக்கும். அம்மாக்கள் தினமும் செய்யும் பிரிப்புதான், பெயர் மட்டும் தெளியவைத்து இறுத்தல்.

ரத்தமும் ஏறத்தாழ இதே அமைப்பு. உப்பும் சர்க்கரையும் கரைசலாக, அல்புமின் போன்ற புரதங்கள் கூழ்மமாக, ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணுக்கள் தொங்கலாக. தேர்வில் ஒரு வார்த்தையில் கேட்டால் புத்தகம் சொல்வதுபோல் கூழ்மம் என்று எழுதட்டும், விரிவாகக் கேட்டால் மூன்றையும் எழுதட்டும். சிவப்பணுக்கள் தொங்கல் என்பதை நம்ப மறுத்தால், வீட்டில் யாருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையாவது எடுத்து ஈ.எஸ்.ஆர். என்ற வரியைக் காட்டுங்கள். உறையாமல் வைத்த ரத்தத்தை மெல்லிய குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்று அளந்து போட்ட எண் அது. உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் பைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடி, சிவப்பணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பெரிது, பெரியது சீக்கிரம் இறங்கும். அதனால் எண் ஏறும்.